போர்டு மாட்டாத ஆசான்கள்: தென்சீனக் குங்ஃபூ ஏன் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது?

2017 ஏப்ரலில் சீனாவின் செங்டூ நகரில், எம்.எம்.ஏ. (எல்லாப் பாணியும் கலந்த நவீனச் சண்டைப் போட்டி) வீரர் சூ சியாவ்டோங், மெதுவான அசைவுகளுக்குப் பேர்போன தாய்ச்சி என்ற சீனக் கலையின் வல்லுநர் என்று பெயர் வாங்கியிருந்த ஒருவரை அரை நிமிஷத்துக்குள் தரையில் சாய்த்தார். வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த ஆண்டு தென்சீனப் பாணியான விங் சுன்னின் ஆசான் ஒருவரும் அவர் கையால் பலமுறை கீழே விழுந்தார். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அதே மாதிரி ஒரு வீடியோ, அதே மாதிரி ஒரு சண்டை கமென்ட்களில். ஒரு பக்கம், "குங்ஃபூ எல்லாம் சினிமா" என்பார்கள். மறுபக்கம், "டிவியில் வருகிறவன் போலி, நிஜமான ஆசான் எங்கோ ஒரு சந்தில், போர்டு கூட மாட்டாமல், நாலே நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான்" என்பார்கள்.

இரண்டாவது வாதத்தில் பாதி உண்மை. தென்சீனத்தில் அப்படிப் பெயர் வெளியில் தெரியாத தனி ஆசான்கள் நிஜமாகவே இருந்தார்கள். சில பாணிகள் இன்று இருப்பதே அவர்களால்தான். ஆனால் அவர்கள் வெளியில் தெரியாததற்கு மர்மமோ, ரகசிய மந்திரமோ காரணம் இல்லை. பிழைப்பு, பயம், இடநெருக்கடி, அரசியல் ஆகியவைதான் காரணம். அதைப் புரிந்துகொண்டால், "என் குரு ஒரு மறைந்த மாமேதையிடம் கற்றவர்" என்று யாராவது சொல்லும்போது எதை நம்பலாம், எதை விசாரிக்கலாம் என்பது தெரியும்.

முதலில், எது தென்சீனப் பாணி?

யாங்சி ஆற்றுக்குத் தெற்கே பிறந்தவை எல்லாம் பொதுவாக இந்தக் கணக்கில் வரும். ஆனால் பேச்சு வழக்கில் இது குவாங்டோங், ஃபூஜியான் என்ற இரண்டு கடலோர மாகாணங்களையே குறிக்கும். 'தெற்கே கை, வடக்கே கால்' என்று சீனத்தில் ஒரு சொலவடை உண்டு. தெற்கத்திக்காரர்கள் காலைத் தரையில் ஊன்றி, முழங்கையை உடம்போடு ஒட்டி, கையால் அடிப்பார்கள். வடக்கத்திக்காரர்கள் தாவி உதைப்பார்கள் என்று பொருள். தோராயமாகச் சரி. ஆனால் குவாங்டோங்கிலேயே பிறந்த சோய் லி ஃபட் பாணியில் கைகளை மரம் வெட்டுகிற மாதிரி நீளமாகச் சுழற்றி வீசுவார்கள். ஆகவே சொலவடையைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெரிய குடும்பங்கள் இவை:

1. குவாங்டோங்கின் ஐந்து குடும்பப் பாணிகள்: ஹுங், லாவ், சோய், லி, மோக். இவற்றில் இன்று பரவலாக இருப்பது ஹுங் கர். தாழ்ந்த நிலை, புலியும் கொக்குமான கையசைவுகள். சினிமாவில் எண்ணற்ற முறை வந்துவிட்ட வோங் ஃபேய்-ஹுங் இந்த வழியைச் சேர்ந்தவர்.
2. சோய் லி ஃபட்: சான் ஹியுங் என்பவர் 1836இல் சான்வுய் வட்டாரத்தில் தன் கிராமத்தில் தொடங்கியது.
3. விங் சுன்: ஃபோஷான் நகரத்தோடு பின்னிப்பிணைந்தது. வெறுங்கைப் பயிற்சி வரிசைகள் மூன்றே மூன்று, ஒரு மரப்பொம்மை, ஒரு நீளக்கம்பு, ஒரு ஜோடிக் குட்டைக் கத்தி. அவ்வளவுதான் மொத்தப் பாடத்திட்டம்.
4. ஹக்கா பாணிகள்: தென்சீனப் பூச்சிக் குங்ஃபூ (தொழுவன்பூச்சி), பாக் மேய், டிராகன் பாணி. ஹக்கா என்றால் 'விருந்தாளிக் குடி', அதாவது வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள்.
5. ஃபூஜியான் வெள்ளைக் கொக்கு: ஒகினாவாத் தீவு வழியாகக் கராத்தேக்குள் போய்ச் சேர்ந்தது.

'சிஃபூ' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது

குவாங்டோங்கிலும் ஹாங்காங்கிலும் பேசும் கான்டனீஸ் மொழியில் ஒரே ஒலியுடைய இரண்டு சொற்கள் உண்டு. ஒரு சிஃபூ 'கைத்தொழில் தெரிந்தவர்'. தச்சரையும் சமையல்காரரையும் டாக்சி ஓட்டுபவரையும் அப்படிக் கூப்பிடலாம். இன்னொரு சிஃபூவை எழுதும்போது இரண்டாவது எழுத்து 'தந்தை'. குங்ஃபூ ஆசான் இந்த இரண்டாவது வகை.

தந்தை என்றதும் முழுக் குடும்பமும் வந்துவிடுகிறது. முன்னால் சேர்ந்தவர் சிஹிங், அண்ணன். வயதில் இளையவராக இருந்தாலும் அண்ணன்தான். பின்னால் வந்தவர் சிடாய், தம்பி. ஆசானின் ஆசான் சிகுங், தாத்தா. ஆசானுக்கு மூத்த சீடர் சிபாக், இளையவர் சிசுக். இது ஆங்கிலத்தில் சொல்ல வராமல் எல்லாரையும் 'அங்கிள்' ஆக்கிவிட்டார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை, பெரியப்பா, சித்தப்பா என்று அப்படியே சொல்லிவிடலாம்.

குடும்பத்துக்குள் நுழைவதற்கு ஒரு சடங்கு: 'பாய் சி'. சீடர் மண்டியிட்டு இரண்டு கையாலும் தேநீர்க் கிண்ணத்தை ஆசானிடம் நீட்டுவார், சிவப்பு உறையில் பணம் வைப்பார். ஆசான் தேநீரைக் குடித்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். மாதச் சம்பளம் கட்டி வகுப்புக்கு வருகிற மாணவனும், தேநீர் கொடுத்த சீடனும் ஒன்றல்ல. தேநீர் கொடுத்தவர்களை 'அறைக்குள் நுழைந்த சீடர்' என்பார்கள்.

'மூடிய கதவுச் சீடர்' என்ற தொடரில்தான் பெரிய குழப்பம். வெளிநாட்டுப் பள்ளிகள் இதை 'ரகசியம் கற்றவர்' என்று விளம்பரம் செய்கின்றன. சீனத்தில் இதன் பொருள் 'கதவை மூடிய சீடர்', அதாவது கடைசிச் சீடர். அவரைச் சேர்த்த பிறகு ஆசான் வேறு யாரையும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரே ஆசானுக்கு ஏழெட்டு 'மூடிய கதவுச் சீடர்கள்' இருப்பதாகக் கேள்விப்பட்டால், அங்கே கதவு சரியாகச் சாத்தவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் வெளியில் சொல்லவில்லை?

1. காலம் அப்படி. 19ஆம் நூற்றாண்டின் குவாங்டோங் அமைதியான ஊர் இல்லை. 1855 முதல் 1867 வரை ஹக்காக்களுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் நடந்த மோதல்களில் செத்தவர்கள் லட்சக்கணக்கில். அதற்கு முன்பும் பின்பும் தண்ணீருக்கும் நிலத்துக்குமாகக் கிராமத்துக்குக் கிராமம், குலத்துக்குக் குலம் அடிதடி. ஒவ்வொரு குலமும் தன் பையன்களுக்கு அடிமுறை கற்றுத்தர ஆளை வைத்துக்கொண்டது. பக்கத்து ஊர்க்காரன் நாளைக்கு எதிரே நிற்கப்போகிறவன் என்றால் அவனுக்கு யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? ஹக்கா பாணிகள் 1960கள் வரைகூட வெளியாருக்குக் கதவைத் திறக்காததற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

2. அரசாங்கத்தின் சந்தேகம். 1854இல் அரசுக்கு எதிராகச் சிவப்புத் தலைப்பாகைக் கலகம் வெடித்தபோது, லி வென்மாவ் என்ற கான்டனீஸ் நாடக நடிகர் தன் கூட்டாளிகளோடு அதில் சேர்ந்தார். மேடையில் சண்டை போடத் தெரிந்தவர்கள், மேடைக்குக் கீழேயும் போட்டார்கள். பதிலுக்கு 1855இல் ஃபோஷானில் இருந்த நடிகர் சங்கக் கட்டடத்தை அரசுப் படை இடித்துத் தள்ளியது; கான்டனீஸ் நாடகத்துக்குப் பல ஆண்டுகள் தடை. ஆற்றில் சிவப்புப் படகுகளில் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட அந்த நடிகர்கள் வழியாகத்தான் விங் சுன் ஃபோஷானுக்கு வந்தது என்று பெரும்பாலான கிளைகள் சொல்கின்றன. அந்தச் சூழ்நிலையில் 'இங்கே சண்டை கற்றுத்தரப்படும்' என்று யார் போர்டு மாட்டுவார்கள்?

3. அதுவா தொழில்? பெரும்பாலான ஆசான்களுக்குக் குங்ஃபூ சோறு போடவில்லை. சோறு போட்டது 'தித் தா': எலும்பு முறிவு, சுளுக்கு, அடிபட்ட காயத்துக்கான வைத்தியம். விழுவது, அடிபடுவது என்றுதான் அந்தச் சொல்லுக்கே பொருள். அடிக்கத் தெரிந்தவனுக்கு அடிபட்ட இடத்தைச் சரிசெய்யவும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. குந்திரிக்கம், வெள்ளைப்போளம், குசும்பாப் பூ போன்றவற்றை அரிசிச் சாராயத்தில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் தைலம் ஒவ்வொரு வழிக்கும் தனி. குங்ஃபூவைத் தாராளமாகக் காட்டியவர்கள்கூட தைலத்தின் செய்முறையைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருந்ததுண்டு. ஏனென்றால் வருமானம் அதில்தான். வோங் ஃபேய்-ஹுங்கின் 'போ சி லாம்' சண்டைப் பள்ளி என்பதைவிட மருந்துக்கடை என்பதே பொருத்தம். நோயாளியாக வந்து, குணமாகி, நம்பிக்கை வந்த பிறகு மெல்லக் கேட்டுச் சீடரானவர்கள் ஏராளம்.

4. சொல்லிக்கொடுக்கும் முறையே கூட்டத்துக்கு ஒத்துவராது. இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

விங் சுன்னில் 'சி சாவ்', ஒட்டும் கை, என்றொரு பயிற்சி. இருவர் எதிரெதிரே நின்று முன்கையோடு முன்கையை ஒட்டவைத்து மெதுவாக உருட்டுகிறார்கள். ஒரு கை உள்ளங்கை மேலே பார்க்க நீளும், மறுகை முழங்கை உயர வளையும், எதிராளியின் கைகள் மேலே படுத்திருக்கும். யாராவது ஒருவர் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலோ, ஒரு கணம் தளர்த்தினாலோ, மற்றவர் அந்த இடைவெளியில் நேராக நெஞ்சுக்குக் கையைச் செலுத்திவிடுவார். கண்ணால் பார்த்து முடிவெடுக்க நேரம் இல்லை. தோல் வழியாகத்தான் தெரிய வேண்டும். ஐம்பது பேரை வரிசையாக நிற்கவைத்து இதைச் சொல்லித்தர முடியாது. ஆசான் தன் கையை மாணவனின் கைமேல் வைத்து, 'இவ்வளவு, இதற்கு மேல் வேண்டாம்' என்று உணரவைக்க வேண்டும். ஒரு மாலைப்பொழுதில் ஐந்தாறு பேருக்கு மேல் முடியாது. ஹக்கா பூச்சிப் பாணிகளிலும் இதே கதை, இணையாக நின்று கையைக் கையால் அரைக்கும் பயிற்சி.

ஆகவே சீடர்கள் குறைவு என்பது பாதி சமயம் ஆசானின் கர்வம் அல்ல, கணக்கு.

ஃபோஷான்: ஒரே ஊரில் மூன்று விதமான ஆசான்கள்

குவாங்சோவுக்குத் தென்மேற்கே இருக்கும் இந்தத் தொழில் நகரம் மண்பாண்டத்துக்கும் வார்ப்பிரும்புக்கும் பேர் போனது. இங்கே கண்ட ஒப்பீடு வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

முதல் வகை, வெளிப்படையான பள்ளி. சோய் லி ஃபட்டின் ஹுங் சிங் பள்ளி 1851இல் தொடங்கியது. உறுப்பினர்கள் ஆலைத் தொழிலாளிகள், கைவினைஞர்கள். 1920களில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தொழிற்சங்கமும் இடதுசாரி அரசியலும் உள்ளே வந்தன. 1927இல் தேசியவாதிகளும் கம்யூனிஸ்டுகளும் பிரிந்து வேட்டை தொடங்கியதும் பள்ளி மூடப்பட்டது. வெளிச்சத்தில் இருந்ததற்குக் கொடுத்த விலை.

இரண்டாவது, மருந்துக்கடை ஆசான். லியுங் ஜான் ஃபோஷானில் மருத்துவர். விங் சுன்னில் பெரிய கை. ஆனால் சொல்லிக்கொடுத்தது மகன்களுக்கும் நெருங்கிய சிலருக்கும் மட்டும். வயதானதும் தன் சொந்த ஊரான குலோ கிராமத்துக்குப் போய் அங்கே சில உறவினர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கிராமத்து விங் சுன் இன்றும் தனிக் கிளை, ஃபோஷான் கிளைகளிலிருந்து நன்றாகவே வேறுபடுகிறது. அவருடைய சீடர் சான் வா-ஷுன், நாணயம் மாற்றும் தொழில் செய்ததால் 'சில்லறை மாற்றும் வா' என்று பட்டப்பெயர். அவர் வாங்கிய கட்டணம் சாதாரண ஆள் கட்டக்கூடியதாக இல்லை. விங் சுன்னுக்கு 'பணக்காரப் பையன் குங்ஃபூ' என்ற கிண்டல் அதனால் வந்ததுதான். அவருடைய சீடர்களில் கடைசியாகச் சேர்ந்த சிறுவன், இப் மான். 1893இல் பிறந்தவர்.

மூன்றாவது வகைதான் நம் தலைப்புக்கு உரியது. 1930களின் இறுதியில் ஃபோஷானில் ஓர் உணவகத்தில் எடுபிடி வேலை பார்த்த பையன் சும் நுங். அங்கே பலகாரம் செய்யும் சமையல்காரர் சியுங் போ. தடித்த உடம்பு, முரட்டுக் கை, விங் சுன் தெரிந்தவர். வேலை முடிந்த பிறகு பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். தான் கொடுக்கக்கூடியது தீர்ந்ததும், இன்னொருவரிடம் அனுப்பிவைத்தார்: யுன் கே-சான். வசதியான வணிகக் குடும்பத்தின் ஐந்தாவது மகன். சம்பாதிக்க வேண்டிய அவசியமில்லை, பள்ளி நடத்தவில்லை. வாழ்நாளில் முறைப்படி ஏற்றுக்கொண்ட சீடர் சும் நுங் ஒருவர்தான் என்பது அந்தக் கிளையில் வழிவழியாகச் சொல்லப்படுவது. 1956இல் யுன் கே-சான் இறந்தார். சும் நுங் பின்னர் குவாங்சோவில் வைத்தியம் பார்த்துக்கொண்டே 2005இல் இறக்கும்வரை வாழ்ந்தார். இன்று அந்தக் கிளை பல நாடுகளில் இருக்கிறது.

ஒரு சமையல்காரர், ஒரு பணக்கார ஐந்தாவது மகன், ஒரு வைத்தியர். மூவருக்குமே போர்டு இல்லை. இதில் யாராவது ஒருவர் கொஞ்சம் முன்னால் செத்திருந்தாலோ, பையன் வேறு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாலோ அந்தக் கிளை இன்று கிடையாது.

இப் மான் ஏன் பிரபலமானார்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றவர்கள் ஏன் பிரபலமாகவில்லை என்பதும் தெரிந்துவிடும். 1949 வரை இப் மானும் போர்டு இல்லாத ஆசான்தான். பரம்பரைச் சொத்து, போர் முடிந்த பிறகு போலீஸ் வேலை, நண்பர்களுக்கும் சிலருக்கும் மட்டும் அவ்வப்போது குங்ஃபூ. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் சொத்தை விட்டு ஹாங்காங்குக்கு வந்தார். கையில் காசில்லை. 1950இல், 57ஆவது வயதில், கௌலூனின் ஷாம் ஷுய் போ பகுதியில் உணவகத் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வறுமை இல்லையென்றால் அந்த வகுப்பு இல்லை. பிறகு 1950களின் நடுவில் ஒரு சினிமாக்காரரின் மகன் வந்து சேர்ந்தான். ப்ரூஸ் லீ. (அவர் அதிகம் கற்றது மூத்த சீடர் வோங் ஷுன் லியுங்கிடம் என்பது வேறு விஷயம்.) அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

யுன் கே-சானும் இப் மானும் ஒரே ஊர், ஒரே காலம், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். ஒருவர் பேர் உலகம் முழுக்கத் தெரியும், மற்றவர் பேர் விங் சுன்காரர்களுக்கு மட்டும். இதற்குக் காரணம் திறமை வித்தியாசம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒருவர் எல்லை தாண்டினார், மற்றவர் தாண்டவில்லை.

எல்லை தாண்டியதில் கலையும் கொஞ்சம் மாறியது. ஃபோஷானில் மரப்பொம்மை என்பது தரையில் குழி தோண்டி நட்ட மரக்கட்டை. மூன்று கை, ஒரு கால். ஹாங்காங்கின் மாடிக் குடியிருப்பில் எங்கே குழி தோண்டுவது? இரண்டு குறுக்குச் சட்டங்களில் கோத்துச் சுவரில் மாட்டினார்கள். நட்ட கட்டை அடித்தால் அசையாது. மாட்டிய கட்டை அடிக்கு ஏற்பக் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வரும். கைக்கு அது வேறு பதில் சொல்லும். இன்று உலகம் முழுக்க விற்கும் விங் சுன் பொம்மை, வாடகை வீட்டின் பொம்மை.

வெளிநாட்டுச் சீடன் எழுதிய பெயர்

பெயர் தெரியாத ஆசானால் வரும் சிக்கலுக்கு நல்ல உதாரணம் ஃபூஜியானில் இருக்கிறது. ஒகினாவாக்காரர் ஹிகாவோன்னா கான்ரியோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபூசோ நகரத்துக்குப் போய்ச் சில ஆண்டுகள் கற்றுத் திரும்பினார். அவர் வழியில்தான் கோஜு-ரியூ கராத்தே வந்தது. அவருடைய சீன ஆசான் யார்? 'ரியூ ரியூ கோ' என்று ஒகினாவா உச்சரிப்பில் ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. சீன எழுத்து இல்லை. ஒலியை வைத்து எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க முடியாது. கூவும் கொக்குப் பாணியின் ஆசான் சியே சோங்சியாங் என்பவர்தான் அவர் என்று ஒரு தரப்பு. வயது ஒத்துவரவில்லை என்று மறுதரப்பு. சியே பிறந்தது 1852, ஹிகாவோன்னா பிறந்தது 1853. ஆசானும் சீடரும் ஒரே வயது என்றால் கொஞ்சம் இடிக்கத்தானே செய்யும்.

1897இல் அதே ஃபூசோவுக்குப் போன இன்னொரு ஒகினாவாக்காரர் உவேச்சி கான்புன் விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. அவருடைய ஆசான் சோ சிஹே என்பதைச் சீன ஆய்வாளர்களும் ஒகினாவா ஆய்வாளர்களும் பிற்பாடு சேர்ந்து உறுதிப்படுத்தினார்கள். ஃபூஜியானில் கிட்டத்தட்ட மறந்துபோன ஒரு மனிதர், கடல் தாண்டிய சீடன் ஒருவனால் திரும்பக் கிடைத்தார்.

எரிந்த கோயில், ஐந்து பெரியவர்கள், போதிதர்மர்

எந்தத் தென்சீனப் பள்ளிக்குப் போனாலும் ஒரே கதைதான்: தெற்கு ஷாவ்லின் கோயிலை அப்போது சீனாவை ஆண்ட மஞ்சு அரசு எரித்தது, ஐந்து பெரியவர்கள் தப்பினார்கள், அவர்களில் ஒருவர் நம் பாணியை உண்டாக்கினார். ஃபூஜியானில் பூட்டியான், சுவான்சோ, ஃபுச்சிங் என்று மூன்று ஊர்கள் அந்தக் கோயில் எங்களுடையது என்கின்றன. கதையின் வடிவம் 'வானமும் பூமியும் சங்கம்' என்ற ரகசிய சங்கத்தின் தோற்றக் கதையோடு அப்படியே பொருந்துகிறது. அந்தச் சங்கம் 1760களின் தொடக்கத்தில் ஃபூஜியானில் பரஸ்பர உதவிக் குழுவாகத் தோன்றியது என்று ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கதை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலிவு விலை நாவல்களில் பரவி, அங்கிருந்து பள்ளிகளுக்குள் வந்தது. பெயர் தெரியாத ஆசானின் இடத்தை இப்படி ஒரு பெரிய பெயர் நிரப்பிக்கொள்கிறது. சமையல்காரரிடம் கற்றேன் என்பதைவிடத் தப்பியோடிய துறவியிடம் வந்தது என்பது கேட்க நன்றாக இருக்கிறது.

இதே கேள்வி நம் பக்கமும் வருகிறது: காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே குங்ஃபூ சொல்லிக்கொடுத்தார்? குவாங்சோவில் அவர் கப்பலிலிருந்து முதலில் இறங்கியதாகச் சொல்லப்படும் இடம் இன்றும் ஹுவாலின் கோயிலை ஒட்டி இருக்கிறது. அவரைத் தென்னிந்திய அரசனின் மகன் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. 547இல் எழுதப்பட்ட இன்னொரு நூல் பாரசீகர் என்கிறது. காஞ்சி என்பது பிற்கால மரபு. ஆனால் பழைய குறிப்பு எதிலும் சண்டைக் கலை இல்லை. அவரை அதோடு இணைக்கும் தசைநார்ப் பயிற்சி நூல் 1624இல் உருவானது, ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்தியது. வரலாற்றாசிரியர் டாங் ஹாவ் 1930களிலேயே இதைப் போட்டு உடைத்தார். ஜென் மரபில் போதிதர்மரின் இடம் பெரியது; குங்ஃபூவில் அவருக்கு இடம் கொடுத்தது பிற்காலம்.

அரசாங்கம் கதவைத் திறக்க முயன்றபோது

1910இல் ஷாங்காயில் ஜிங்வு சங்கம் தொடங்கியது. ரகசியம் வேண்டாம், எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம் என்பது கொள்கை. சில ஆண்டுகளில் குவாங்சோ, ஃபோஷான், கோலாலம்பூர், சிங்கப்பூர் வரை கிளைகள். 1928இல் நான்ஜிங்கில் அரசே மத்திய நிறுவனம் ஒன்றை அமைத்தது. இரண்டிலும் பாடத்திட்டம் பெரும்பாலும் வடக்கத்திப் பாணிகள். வடக்கிலிருந்து ஐந்து ஆசான்களை குவாங்சோவுக்கு அனுப்பி அவர்களை 'ஐந்து புலிகள்' என்று கொண்டாடினார்கள். தெற்கத்தி மருந்துக்கடை ஆசான் அதையெல்லாம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருப்பார்.

1949க்குப் பிறகு அரசு போட்டி வடிவங்களை உருவாக்கியது. 1960 வாக்கில் 'நான்சுவான்', தெற்குக் கை, என்ற போட்டிப் பிரிவு வந்தது. பல பாணிகளின் அசைவுகளைக் கலந்து தாவல்களோடு கட்டிய ஒரு வரிசை. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் உலகம் பார்த்தது இதைத்தான். பார்க்க அழகு. ஆனால் அதற்கும் சும் நுங் கற்றதற்கும் உறவு ரொம்பத் தூரம். 1966–76 கலாச்சாரப் புரட்சியில் பழைய ஆசான்கள் பலர் அவமானப்படுத்தப்பட்டார்கள், வம்சாவளி ஏடுகளைத் தாங்களே எரித்தார்கள். 1983 முதல் 1986 வரை அரசு நடத்திய கணக்கெடுப்பு 129 பாணிகளைப் பதிவு செய்தது. அதற்கு முந்தைய பத்தாண்டில் எத்தனை போயின என்பதற்கு அந்த எண்ணில் இடமில்லை.

சரி, அவர்களால் சண்டை போட முடியுமா?

1954 ஜனவரி 17 அன்று மக்காவ்வில், ஹாங்காங்கின் ஷெக் கிப் மேய் தீ விபத்தில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்ட ஒரு மோதல் நடந்தது. தாய்ச்சியின் வூ குடும்பப் பாணி ஆசான் வூ கோங்யி, எதிரே திபெத்திய வெள்ளைக் கொக்குப் பாணியின் (ஃபூஜியான் கொக்கு வேறு) இளம் ஆசான் சான் ஹாக்-ஃபூ. கறுப்பு வெள்ளைப் படச்சுருள் இணையத்தில் இன்றும் கிடைக்கிறது. இரண்டு சுற்று. தடுமாற்றமான குத்துகள், மூக்கில் ரத்தம், நடுவர்கள் நிறுத்தினார்கள். தீர்ப்பு: வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை. அடுத்த சில நாட்களில் ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் வீர நாயகத் தொடர்கதை தொடங்கி, அந்த வகை எழுத்தே புது உயிர் பெற்றது.

படச்சுருளைப் பார்த்தால் 2017 வீடியோ அதிர்ச்சி தராது. வெளியாளோடு முழு வேகத்தில் மோதிப் பழகாதவர் மேடையில் தடுமாறுவார். மூடிய வீட்டின் பலவீனம் அது: பத்து வருடம் ஒரே ஐந்து பேரோடு கை ஒட்டிப் பழகினால் அந்த ஐந்து பேரை நன்றாகக் கையாள முடியும். 1950களில் வோங் ஷுன் லியுங் போன்றவர்கள் மொட்டை மாடிகளில் பிற பாணிக்காரர்களோடு மோதிப் பார்த்தார்கள். அவர்கள் வழி வந்தவர்கள் இன்றும் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் நேர்படப் பேசுவார்கள். ஆகவே வம்சாவளி உண்மையா என்பது ஒரு கேள்வி, சண்டை வருமா என்பது வேறு கேள்வி. இணையத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் சண்டை நடக்கிறது.

ஒரு வம்சாவளியை எப்படி விசாரிப்பது?

1. ஆண்டுகளைப் பொருத்திப் பாருங்கள். ஆசான் இறந்தபோது சீடருக்கு என்ன வயது? இருவரும் ஒரே ஊரில் எத்தனை வருடம் இருந்தார்கள்? முக்கால்வாசிக் கட்டுக்கதை இங்கேயே உதிர்ந்துவிடும்.
2. அண்ணன் தம்பிகள் யார்? தனி ஆசானிடமும் கூடப் படித்த இரண்டு மூன்று பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் வழியில் வந்தவர்களும் அதே பெயர்களைச் சொல்கிறார்களா?
3. ஆசான் எப்படிப் பிழைத்தார்? கடைப் பெயர், தெரு, தொழில் தெரிந்தால் நல்லது. 'மலையில் சந்தித்த துறவி' என்றால் விசாரிக்க எதுவும் இல்லை, அதுதான் அந்தப் பதிலின் வசதி.
4. 'எனக்கு மட்டும் காட்டினார்' என்ற பகுதி எவ்வளவு பெரியது? இது முழுப் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆசான்கள் ஒவ்வொரு சீடனுக்கும் உடம்புக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒல்லியானவனுக்கு ஒன்று, பருமனானவனுக்கு ஒன்று. இருபது வருடம் கழித்து இருவரும் 'அசல் என்னுடையது' என்பார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

நான்காவது புள்ளிக்கு மிகப் பிரபலமான சாட்சி இப் மானே. 1972 கடைசியில், தொண்டைப் புற்றுநோயால் உடல் மெலிந்து, சாவதற்குச் சில நாட்கள் முன்பு, அவர் தன் வரிசைகளைப் படம்பிடிக்கச் சம்மதித்தார். சீடர்களுக்குள் பின்னால் தகராறு வரும் என்று தெரிந்திருந்தது போலும். முதல் வரிசை, இரண்டாவது வரிசை, மரப்பொம்மை. மூன்றையும் செய்து காட்டினார். சத்தமில்லாத சிறிய படச்சுருள். வெறுங்கையின் மூன்றாவது வரிசையும் கம்பும் கத்தியும் அதில் இல்லை. இப் மானின் சீடர்கள் வழி வந்தவர்கள் இன்று அதிகமாகச் சண்டை போடுவது அந்த மூன்றைப் பற்றித்தான். படம் இருக்கும் பகுதிகளிலும் சண்டை ஓயவில்லை: நோயாளியின் கை அந்த இடத்தில் இறங்கியது களைப்பாலா, அல்லது அப்படித்தான் இறங்க வேண்டுமா?

ஹாங்காங்கில் 2010களில் சிட்டி பல்கலைக்கழகமும் ஒரு குங்ஃபூ அமைப்பும் சேர்ந்து முதிய ஆசான்களின் உடம்பில் சென்சார் ஒட்டி அசைவுகளைப் பதிவு செய்தார்கள். ஹக்கா பாணிகளுக்கு அதில் முன்னுரிமை. வாடகை ஏறியதும் பயிற்சிக்கூடங்கள் ஒவ்வொன்றாகக் காலியானதும் அந்தப் பாணிகளை முதலில் பாதித்தன. மணிக்கட்டு எத்தனை டிகிரி திரும்பியது என்பது அந்தப் பதிவில் இருக்கிறது. அந்த மணிக்கட்டைத் தன் முன்கையில் தாங்கிய சீடனுக்கு எவ்வளவு பாரம் தெரிந்தது என்பதை மட்டும் இன்னும் அந்தச் சீடனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.